பெருங்கல் தோட்டத்து அம்மை

சேசு மரி சூசை

பெருங்கல் தோட்டம், பன்வில
1932 பெப்ரவரி 4

அன்புள்ள தம்பி லோரன்ஸுக்கு,

அக்கா மேபல் எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைக் கண்டதுமே கிழித்துப் போட நினைத்திருப்பாய். மூன்று வருஷமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. மஹய்யாவ கல்லறையில், பிலிப்பின் குழிக்குப் பக்கத்தில் நின்று நீ என்னைச் சொன்ன சொல்லுக்குப் பிறகு எழுதுவதற்கு எனக்கும் மனம் வரவில்லை. இன்றைக்கு அதைப் பற்றிப் பேச வரவில்லை.

மலைப்பிரிவுச் சுகாதாரக் கமிட்டிக்கு உன்னைத் தலைவராக நியமித்திருப்பதாகப் பத்திரிகையில் பார்த்தேன். போன வருஷ எலெக்சனில் மெம்பர் ஐயாவுக்காக உன் அச்சுக்கூடம் ராப்பகலாக ஓடியதையும், நீ கோயில் கோயிலாகப் போய் நம் சனங்களின் வோட்டைச் சேர்த்ததையும் இங்கேயும் சொன்னார்கள். சந்தோஷம். அப்பா இருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பார்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துக்கு அம்மை குத்த வருகிற முஹ்ஸின் ஐப்பசியோடு நின்றுவிட்டார். வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அவருடைய இடத்துக்கு வேறு ஆளும் வரவில்லை. பெரியவர்கள் கப்பலேறும் முன் மண்டபம் காம்பில் குத்திக்கொண்டு வந்தவர்கள், அவர்கள் கையில் தழும்பு இருக்கிறது. இங்கே லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. என் டிஸ்பென்சரிப் புத்தகத்தின்படி அப்படி நூற்றிருபது பிள்ளைகள்.

ஆளை அனுப்ப முடியாவிட்டால் குத்துகிற அம்மைப்பாலையாவது அனுப்பு. பிள்ளைகளுக்கு நானே குத்துகிறேன்.

றீற்றாவுக்கும் சின்னவள் தெரேசாவுக்கும் என் அன்பு. தெரேசாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

மேபல்


திருகோணமலை வீதி, கண்டி
1932 பெப்ரவரி 13

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தலைவர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

அம்மை குத்துபவரை நிறுத்தியது கமிட்டியின் தீர்மானம். நான் பதவியேற்ற முதற் கூட்டத்திலேயே, அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். அம்மைக்கும் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் காரணம் அழுக்குத் தண்ணீரும் நாற்றக் கழிவுநீர்க் கானும். அவற்றைச் சுத்தம் செய்வதை விட்டு, கன்றுக்குட்டியின் புண்ணிலிருந்து எடுத்த சீழைப் பச்சைப் பிள்ளைகளின் இரத்தத்தில் கலப்பது எந்த நியாயம்? சட்டம் இருக்கிறது என்பதற்காகத் தாயின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்துக் கீறலாமா? சீமையிலேயே இதை எதிர்த்துக் கூட்டம் போடுகிறார்கள். கமிட்டியில் இருந்த டாக்டர் இதற்காக ராஜினாமாச் செய்தார். செய்யட்டும்.

இதையெல்லாம் விளக்கி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி அச்சிட்டிருக்கிறேன். இரண்டாயிரம் பிரதி தோட்டங்களுக்குப் போயிருக்கிறது. ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

கல்லறையில் சொன்னதை நீங்களே நினைவுபடுத்தினீர்கள். நான் அதை மறக்கவில்லை. பிலிப்புக்குப் பதினொரு மாதம். தங்கள் கையால்தான் குத்தினீர்கள். அவனுடைய கை வீங்கிச் சிவந்திருந்தது. மூன்று வாரத்தில் அவன் இல்லை. வேறு எந்தத் தகப்பனுக்கும் அது வரக்கூடாது என்பதற்காகவே இந்த வேலையைச் செய்கிறேன்.

இப்படிக்கு,
லோரன்ஸ்


பெருங்கல் தோட்டம்
1932 மார்ச் 2

தம்பி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு வாரம் பெட்டிக்குள் வைத்தேன். கோபத்தில் எழுதினால் உனக்கும் எனக்கும் இன்னொரு மூன்று வருஷம் போய்விடும்.

பிலிப்புக்கு நான்தான் குத்தினேன். கை வீங்கியது உண்மை. பத்தாம் நாள் பொருக்கு காய்ந்து வற்றியதும் உண்மை. அதை நீ மறந்துவிட்டாய். அவனைக் கொண்டுபோனது தொண்டை அடைப்பான். தொண்டைக்குள் வெள்ளைத் தோல் படர்ந்திருந்ததை அவனைப் பார்த்த டாக்டர் விளக்கைப் பிடித்துக் காட்டினபோது நான் பக்கத்தில் நின்றேன். நீ வெளியே மதிலில் தலையை மோதிக்கொண்டிருந்தாய். அவர் எழுதிக் கொடுத்த தாளை நீ இன்றுவரை வாசித்திருக்கமாட்டாய். உனக்கு யாரையாவது குற்றம் சொல்ல வேண்டியிருந்தது. என்னைச் சொன்னாய். சரி, நான் வாங்கிக்கொண்டேன். அந்தக் குற்றத்தை இப்போது அச்சடித்து மலையெல்லாம் அனுப்புகிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் நோட்டீசு நீ அனுப்பும் முன்பே இங்கே வந்துவிட்டது. பெரிய கங்காணி கறுப்பையா காலையில் பிரட்டுக்களத்தில், சனங்கள் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கையில், அதை உரக்க வாசித்தார். "மாட்டுச் சீழ்" என்ற இடத்தில் நிறுத்தி இரண்டாந்தரம் வாசித்தார். என்னிடம் பழைய அம்மைப்பால் நாலைந்து குழாய் மிச்சமிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, காலையில் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பிராவுக்குப் போனேன். அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடினார்கள். நான் பிரசவம் பார்த்த பிள்ளைகள், தம்பி.

அழகம்மா என்று ஒருத்தி. கெட்டிக்காரி, மலையில் அவள் எடுக்கிற கொழுந்துக்கு ஈடு இல்லை. அவள் மட்டும் ஓடாமல் நின்று கேட்டாள்: "நர்ஸம்மா, நோட்டீசுல போட்டிருக்கிற பேரு ஒங்க தம்பியாமே? சொந்தத் தம்பியே வேணாம்னு சொல்றாரு. நீங்க குத்துங்குறீங்க. நாங்க யாரத்தான் நம்புறது?"

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

மேபல்


கண்டி
1932 மார்ச் 19

அக்கா,

டாக்டர் எழுதிய தாள் என்னிடம் இல்லை. றீற்றா அதை எரித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. அவள் முன்னால் தங்கள் பெயரைச் சொல்லவும் முடியாது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்டது ரோட்டுக் கமிட்டியை. அதை மெம்பர் ஐயா தம் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார். "சுகாதாரத்தை யாரும் கேட்கவில்லை, நீர் எடுத்துக்கொள்ளும்" என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது என்றேன். "தலைவருக்கு எதற்கு வைத்தியம்? கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும்" என்று சிரித்தார். இதை வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை.

ஆனால் என் நோட்டீசில் எழுதியதை நான் நம்புகிறேன். நாலு தோட்டத்திலிருந்து தாய்மார் நன்றி சொல்லி எழுதுவித்திருக்கிறார்கள். அதற்குத் தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

லோரன்ஸ்


பெருங்கல் தோட்டம்
1932 மே 13, காலை பத்து மணி

தம்பி,

இதைக் கொண்டுவருகிற ஆளிடமே பதில் கொடு.

ஏப்ரல் முடிவில் தூத்துக்குடியிலிருந்து ஒரு துணி வியாபாரி வந்து கடைவீதியில் தங்கியிருந்தான். காய்ச்சலோடு லயத்துக்கும் சேலை கொண்டுவந்தான். அவன் இறந்துவிட்டதாக நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். அவனிடம் சேலை வாங்கிய இரண்டு வீட்டிலும் பிள்ளைகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், முதுகு வலி. இன்று முகத்திலும் உள்ளங்கையிலும் முத்து எழும்பியிருக்கிறது. ஒன்று அழகம்மாவின் மகன் சின்னான், ஐந்து வயது.

இது பெரியம்மை. எனக்குச் சந்தேகம் இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கு உடனே குத்தினால் காப்பாற்றலாம். நாள் போனால் முடியாது. பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்குமாக முந்நூறு பேருக்கு அம்மைப்பால் வேண்டும். குத்தத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். முஹ்ஸின் மடவளையில் சும்மாதான் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார். உன் பேரில் ஒரு வரி போதும்.

மேபல்


கண்டி
1932 மே 16

அக்கா,

ஆளை வெறுங்கையோடு அனுப்பியதற்கு மன்னிக்கவும். மெம்பர் ஐயாவைப் பார்க்காமல் எழுத முடியவில்லை.

இது சின்னம்மையாக இருக்கக் கூடாதா? நன்றாகப் பார்த்தீர்களா? பெரியம்மை என்ற சொல்லை இப்போது எந்தக் காகிதத்திலும் போடவேண்டாம் என்று ஐயா சொல்கிறார். போட்டால் தோட்டங்களை அடைப்பார்கள், கடைவீதியை மூடுவார்கள், வியாபாரிகள் அவரைத்தான் பிடிப்பார்கள். கமிட்டி இருபத்தெட்டாம் தேதி கூடுகிறது. அன்று முதல் விஷயமாக எடுக்கிறேன். அதுவரை வேப்பிலையும் சுத்தமும் போதும் என்று நம்புகிறேன்.

தாங்கள் அவர்களோடு கலக்கவேண்டாம். தயவுசெய்து.

லோரன்ஸ்


பெருங்கல் தோட்டம்
1932 ஜூன் 6

லோரன்ஸ்,

உன் கூட்டம் இருபத்தெட்டாம் தேதி நடந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை.

சின்னான் மே இருபதில் போனான். வேப்பிலை மேல் படுக்கவைத்திருந்தோம். கண் திறக்க முடியவில்லை அவனுக்கு. "அம்மா, விளக்கேத்து" என்றான், நடுப்பகல். அழகம்மா ஒரு விளக்கை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவனுக்குப் பிறகு இராமையாவின் இரண்டு பிள்ளைகள், ஒரே கிழமையில். ரத்தினம்மாவின் கைக்குழந்தை, அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பிறகு பெரிய கங்காணியின் மகள் வள்ளி, கல்யாணம் பேசியிருந்த பெண். இன்று காலை வரை எட்டுப் பேர். மண்டபத்துத் தழும்பு உள்ளவர்களில் நாலைந்து பேருக்குத்தான் வந்தது, இலேசாக வந்து இறங்கிவிட்டது. அவர்களில் ஒருவரும் சாகவில்லை. செத்தவர்களில் ஒருவர் கையிலும் தழும்பு இல்லை. இதை நீ உன் நோட்டீசில் போடு.

வத்தேகமத்து டாக்டர் தம் கைவசம் இருந்த பாலைக் கொடுத்தார். முஹ்ஸினுக்கு நானே சொல்லியனுப்பினேன், சம்பளம் கேட்காமல் வந்தார். முப்பத்துநாலு பேர் கையை நீட்டினார்கள். மற்றவர்கள் மாட்டேன் என்றார்கள். குத்திக்கொள்ளாதவர்களுக்கு வேலைக்குப் பெயர் போடமாட்டேன் என்று தோட்டத்துத் துரை சொன்னார். அதோடு முழுக்கக் கெட்டது. துரைக்கு இதில் என்ன லாபம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். கட்டாயத்தைப் பற்றி நீ சொன்னதில் அவ்வளவு மட்டும் சரி.

கறுப்பையா கங்காணி வள்ளியைப் புதைத்துவிட்டு நேரே டிஸ்பென்சரிக்கு வந்தார். உன் நோட்டீசை மேசைமேல் வைத்தார். "இத எழுதுன ஐயாவ ஒருதரம் பாக்கணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வா. மெம்பரிடம் கேட்காமல் வா. நீ மண்டபம் காம்பு வழியாக வந்தவனில்லை, ஆனால் சின்ன வயதில் நமக்கு அப்பா குத்துவித்த தழும்பு உன் இடது கையில் இருக்கிறது. அதனால் நீ பயப்படாமல் வரலாம்.

மேபல்


கண்டி
1932 ஜூன் 11

அக்கா,

நேற்று உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல்தான்.

அம்மை கண்டவர்களைப் பிரித்து வைத்திருக்கிற கொட்டகையில் கிடந்தவர்களைப் பார்த்தேன். அந்த வாடை இன்னும் என் சட்டையில் இருப்பது போல இருக்கிறது. பெரிய கங்காணி என்னை அடிப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் கதிரை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "நீங்க எழுதினது அழகா இருந்திச்சுங்க. அதான் ரெண்டு தரம் வாசிச்சேன்" என்றார். அக்கா, அவர் என்னை அடித்திருக்கலாம்.

பிரட்டுக்களத்தில் நான் பேசியது உங்களுக்குத் தெரியும். நான் எழுதியது தப்பு, குத்திக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன். ஒருவர்கூட அசையவில்லை. துரை காசு கொடுத்துவிட்டான் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அப்போது அழகம்மா முன்னே வந்து கேட்டது எனக்கு மட்டுந்தான் கேட்டிருக்கும். "ஒங்க வீட்டுப் பிள்ளைக்குக் குத்தியாச்சுங்களா?"

இல்லை என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

தெரேசாவுக்கு இரண்டரை வயது. அவளை அங்கே கொண்டுவந்து எல்லார் முன்னாலும் குத்துவிக்கப் போகிறேன். றீற்றாவிடம் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, செத்த பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு, தொண்டையைப் பற்றி டாக்டர் எழுதினதை நீ வாசித்தாயா என்று கேட்டேன். "வாசித்தேன். வாசித்ததால்தான் எரித்தேன்" என்றாள். "யாரையும் குற்றம் சொல்ல முடியாவிட்டால் நான் என்ன செய்வது?"

அக்கா, நீங்கள் குத்துவீர்களா? முஹ்ஸின் அல்ல. நீங்கள்.

லோரன்ஸ்


பெருங்கல் தோட்டம்
1932 ஜூன் 12

தம்பி,

முடியாது என்று எழுதித்தான் முதலில் ஒட்டினேன். பிறகு உறையைப் பிரித்தேன்.

டாக்டர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பிள்ளைக்குக் குத்தும்போதும் ஊசியை இரண்டுதரம் நெருப்பில் காட்டுகிறேன், பத்து நாளும் போய்ப் போய்ப் பார்க்கிறேன். சனங்கள் அதை அக்கறை என்று நினைக்கிறார்கள். அது பயம். நீ கல்லறையில் சொன்னதை நான் நம்பவில்லை, ஆனால் என் கை நம்பிவிட்டது.

தெரேசாவுக்குக் குத்தினால் கை வீங்கும், காய்ச்சல் வரும். எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். அந்தப் பத்து நாளும் நீங்கள் இருவரும் என்ன பாடுபடுவீர்கள் என்று யோசித்துக்கொள்.

புதன்கிழமை காலை, பெயர் கொடுக்கும் நேரம். றீற்றா வரவேண்டும். அவள் மடியில் பிள்ளை இருக்கவேண்டும், அவளே பிள்ளையின் கையைப் பிடித்துத் தரவேண்டும். அவள் மனதில்லாமல் நான் தொடமாட்டேன்.

மேபல்


கண்டி
1932 ஜூலை 3

அன்புள்ள அக்கா,

தெரேசாவின் பொருக்கு விழுந்துவிட்டது. ஏழாம் நாள் காய்ச்சல் ஏறினபோது றீற்றா அழவில்லை. பிள்ளையின் வாயைத் திறந்து திறந்து தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் நாள் பிள்ளை எழுந்து மாம்பழம் கேட்டாள். அப்போதுதான் றீற்றா அழுதாள். உங்களுக்கு அவள் தனியே எழுதுவாள். எழுதத் தெரியாமல் தவிக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள்.

அன்று றீற்றா பிள்ளையின் கையைப் பிடித்துத் தந்த பிறகு, அழகம்மா தன் இளையவளைத் தூக்கிக்கொண்டு அடுத்ததாக வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கங்காணி. நான் எண்ணவில்லை. வரிசை லயத்து முனை வரை போனது. அதற்குப் பிறகும் மூன்று பேர் இறந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு முன்னமே தொற்றியிருந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். முன்னமே என்ற சொல்லை நான் தாண்ட முடியவில்லை.

பெரியம்மை என்று எழுதி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். தலைவர் பதவியையும் விட்டேன். மெம்பர் ஐயா ஆளனுப்பி, சுகவீனம் என்று காரணம் போடச் சொன்னார். நான் போடவில்லை. என் இடத்துக்கு ஒரு கள்ளுத் தவறணைக் குத்தகைக்காரரை நியமித்திருக்கிறார். அவருக்கு அம்மை குத்துவதில் விரோதமும் இல்லை, அக்கறையும் இல்லை. முஹ்ஸினை மறுபடி எடுக்கும் காகிதம் அவர் மேசையில் கிடக்கிறது. போய்ப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

லோரன்ஸ்


பெருங்கல் தோட்டம்
1932 ஜூலை 28

அன்புள்ள தம்பி,

இங்கே கடைசிக் கொட்டகையையும் போன சனிக்கிழமை கொளுத்திவிட்டோம். இறந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். புதிதாக யாருக்கும் வரவில்லை. சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

றீற்றாவின் கடிதம் வந்தது. அதில் என்ன இருந்தது என்று உன்னிடம் சொல்லமாட்டேன்.

ஹேவாஹெட்டப் பக்கம் இரண்டு தோட்டத்தில் அம்மை கண்டிருக்கிறதாம். முஹ்ஸின் போய் வந்தார். அங்கேயும் பிள்ளைகளை ஒளிக்கிறார்கள். வீட்டுக் காம்பிராச் சுவரில் உன் நோட்டீசை ஒட்டிவைத்திருக்கிறார்களாம். நீ பிறகு அச்சடித்த மறுப்பு அங்கே போகவில்லை, போனாலும் வாசிக்க ஆளில்லை.

எனக்கு இங்கே இரண்டு பிரசவம் இருக்கிறது. நீ போகவேண்டும். முஹ்ஸின் கூட வருவார்.

அக்கா மேபல்


ஹேவாஹெட்ட
1932 ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்கா,

பத்து நாளாக இங்கே இருக்கிறோம். முதல் தோட்டத்தில் இருபது பேர் குத்திக்கொண்டார்கள். இரண்டாவது தோட்டத்தில் இரண்டுதரம் விரட்டிவிட்டார்கள், ஒருதரம் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். முஹ்ஸின் சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு, "இதுக்கெல்லாம் கோபிச்சா இந்தத் தொழில் செய்ய ஏலாது தம்பி" என்றார்.

இன்று பின்னேரம் மேல் லயத்தில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்தாள். இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை. சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைக் காட்டி, "படிச்ச ஐயா ஒருத்தர் வேணாம்னு எழுதியிருக்காரு. நீங்க யாரு?" என்றாள்.

"அதை எழுதினவன் நான்தான்" என்றேன்.

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னது."

"அதால யாரும் செத்தாங்களா?"

செத்தார்கள் என்றேன். எத்தனை பேர் என்று அவள் கேட்கவில்லை. நானே ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ரத்தினம்மாவின் பிள்ளைக்குப் பெயர் இல்லாததால் ரத்தினம்மாவின் பிள்ளை என்று சொன்னேன். அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கதவைச் சாத்தப் போனவள், சாத்தாமல் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரு மலையில இருந்து வரணும். அவருகிட்ட கேக்காம நான் பிள்ளைய நீட்டமாட்டேன். நாளைக்கு வாங்க."

நாளைக் காலையில் போகிறோம். அந்தத் தோட்டத்தில் இன்னும் நாற்பது காம்பிரா இருக்கிறது. நான் கண்டிக்குத் திரும்ப நாளாகும் என்று நீங்களே றீற்றாவுக்கு எழுதிவிடுங்கள்.

தம்பி லோரன்ஸ்